முழுதாகத் திறக்காத படம்

பாவாயி முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று நடந்த பேச்சை நஸ்லின் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வாள். அதிகம் பேசாத பெண் அவள். ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் மறக்க மாட்டாள்.

சேந்தமங்கலம் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அவளுடைய அத்தா அக்பர் அலியின் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில், நாற்பதை ஒட்டிய வயதில் ஒரு பெண் சாக்கில் சுற்றிய கனமான எதையோ இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைப்படி ஏறினாள்.

அக்பர் அலி எட்டிப் பார்த்து, "பலாப்பழமாங்க? நல்ல பழமுன்னா நானே எடுத்துக்கறேன்" என்றார்.

"அறுத்துப் பாருங்க பாய். சொளை இருந்தா உங்களுக்கு, கொட்டை எனக்கு" என்றபடி அவள் சாக்கைப் பிரித்தாள். உள்ளே ஒரு பழைய சிபியு.

என்ன கோளாறு என்று நஸ்லின் கேட்டாள். பதில் அவளுக்கு வரவில்லை, அவள் தலைக்கு மேலாக அத்தாவுக்குப் போனது. மெஷின் திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறதாம். வைத்தியம் பார்ப்பது என் மகள்தான், நான் மருந்து கட்டிக் கொடுப்பவன் என்று அத்தா சொன்னபிறகுதான் பாவாயி இவள் பக்கம் திரும்பினாள்.

"இங்க போட்டா நல்லாத்தான் ஓடும் கண்ணு. ஊட்டுக்குப் போனாத்தான் அணையுது."

என்ன செய்துகொண்டிருக்கும்போது அணைகிறது என்றாள் நஸ்லின். படம் வரையும்போது. வரைவது யார், பிள்ளைகளா? இல்லை, நான்தான். நஸ்லின் அவள் கைகளைப் பார்த்தாள். கிழங்கு பிடுங்கும் கை. நகக்கண்ணில் செம்மண் இருந்தது. வலது நடுவிரலில் பேனா பிடித்துத் தழும்பேறிய ஒரு மேடும் இருந்தது.

"சின்னப் படமுன்னா ஓடும். அந்தப் பெரிய படத்தைத் தொறந்தா ஒரு மரம் வரைய உடும். ரெண்டாவது மரத்துல கெளை வெக்கறதுக்குள்ள அணைஞ்சிரும்."

"பெரிய படம்னா எவ்வளவு பெருசுங்க்கா?"

பாவாயி கொஞ்சம் யோசித்தாள். "அது எனக்கே தெரியாது கண்ணு. நான் இன்னும் அதை முழுசாப் பாத்ததில்ல."

தன் கையாலேயே வரைந்த படத்தை ஒருத்தி எப்படி முழுதாகப் பார்க்காமல் இருப்பாள்? அன்று பாவாயி பஸ் ஏறிப் போனபிறகும் நஸ்லினின் மனதில் அந்தக் கேள்வி ஈ போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பதில் ஒரே நாளில் கிடைக்கவில்லை. மெஷின் கீழே வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள். பாவாயி பிறந்தது ஆலத்தூர் நாட்டில் ஒரு சிற்றூரில். வாழ்க்கைப்பட்டது வளப்பூர் நாட்டில். கணவன் அர்த்தனாரிக்குச் சரிவில் கொஞ்சம் நிலம். மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, கீழே மரவள்ளி, மேட்டில் சாமை. பாவாயியின் தம்பி முரளி நாமக்கல்லில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் வடிவமைப்பாளனாக இருந்தான். கடைக்காரர் புது மெஷின்கள் வாங்கியபோது பழையது ஒன்றையும், அதோடு ஒரு பேனாப் பலகையையும் இவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். சிலேட்டு அளவில் கறுப்பாக இருக்கும். அதன்மேல் பேனாவால் வரைந்தால் கோடு திரையில் விழும். முரளி அதையெல்லாம் அக்கா வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற ஓர் ஓவிய மென்பொருளை அவளுக்கு ஒருமுறை திறந்து காட்டிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளவில்லை.

பாவாயி முதலில் வரைந்தது ஒரு மிளகுச் சரம். அதை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தாள். அழித்த தடமே இல்லாத பலகை அவளுக்கு அதிசயமாக இருந்தது. பிறகு சரத்துக்குக் கொடி வரைந்தாள், கொடிக்கு மரம், மரத்துக்கு மேடு. பக்கத்து வீட்டு அத்தாயி வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஊரெல்லாம் மாவுல கோலம் போட்டா நீ கரண்டுல கோலம் போடறயாக்கும் என்று கேட்டாளாம். "கரண்டுக் கோலத்த கோழி கலைக்காதுல்ல" என்று தான் சொன்னதைப் பாவாயி நஸ்லினிடம் பெருமையாகவே சொன்னாள்.

பெரிய படம் பிறந்த கதை வேறு. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முகடு. அந்த முகட்டுக்கு அந்தப்பக்கம்தான் நீ பிறந்த ஊர் என்று யாரோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவளால் நம்ப முடியவில்லை. அம்மா வீட்டுக்குப் போவதென்றால் பஸ் பிடித்துச் சோளக்காடு போய், அங்கே காத்திருந்து வேறு பஸ் மாறி, வளைந்து வளைந்து போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும். அவ்வளவு தூரத்து ஊர் இந்த முகட்டுக்குப் பின்னாலா? வரைந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். பருந்து மேலே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம். இடது ஓரத்தில் பிறந்த ஊர், வலது ஓரத்தில் புகுந்த ஊர். இரண்டு முனையிலிருந்தும் மரம் மரமாக, கூரை கூரையாக நடுவை நோக்கி வரைந்துகொண்டே வந்தாள். கார்த்திகைக்குக் கார்த்திகை இரண்டு ஆண்டு ஓடிவிட்டது.

அந்த மென்பொருளில் படம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒரு தாளில் மண், ஒன்றில் பாறை, ஒன்றில் மரம், ஒன்றில் நிழல். தாள் கூடக் கூட மெஷினின் நினைவகத்துக்குப் பாரம் கூடும். பாவாயி தன் படத்துக்கு எத்தனை தாள் அடுக்கியிருந்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. விளக்கை அணைப்பதுபோல இந்தப் பக்கத்துத் தாள்களை அணைத்துவிட்டு அந்தப் பக்கம் வரைவாள். அதை அணைத்துவிட்டு இதை எரியவிடுவாள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மெஷின் அணைந்துவிடும். அதனால்தான் அவள் படத்தை முழுதாகப் பார்த்ததில்லை.

முதல் தடவை நஸ்லின் சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது அவளுக்குக் குழப்பம்தான் வந்தது. மலையிலிருந்து வரும் மெஷின்கள் அவளுக்குப் பழக்கம். அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மதர்போர்டில் பாசி பிடித்த மாதிரி பச்சை பூத்திருக்கும், திருகாணிகள் துருவேறித் திரும்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இதில் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. திருகாணிகள் புதிது போலக் கழன்று வந்தன. ஆனால் மின்விசிறி, அதன் அடியில் சூட்டை இறக்கும் அலுமினியத் தகடுகள் எல்லாவற்றின் மேலும் பழுப்பும் கறுப்புமாக ஒரு படிவு. தூசியாக இருந்தால் ஊதினால் பறக்கும். இது பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. தகடுகளின் இடுக்கெல்லாம் அடைபட்டு, காற்றுப் புக வழியில்லாமல் இருந்தது. சூடு இறங்காவிட்டால் மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அணைவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அந்தப் பிசினுக்குக் காரணம்தான் தெரியவில்லை.

வீட்டில் யாராவது பீடி குடிப்பார்களா என்று நஸ்லின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். புகைக்கும் கடைகளிலிருந்து வரும் மெஷின்களில் இதுபோலப் பார்த்திருக்கிறாள்.

"எங்க ஊட்டுக்காரரு வெத்தலை கூடப் போட மாட்டாரு கண்ணு. ஊட்ல பொகையறது நான் ஒருத்திதான், அதுவும் அவரு சொன்ன நேரத்துக்கு வராதப்ப."

நஸ்லின் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் துடைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றிக் கொடுத்தாள். ஆடிக் காற்று அடங்குவதற்குள் அதே சாக்கில் அதே மெஷின் திரும்பி வந்தது. பக்கத் தகட்டைத் திறந்தால் அதே பிசின், அதே பழுப்பு. பிளெக்ஸ் கடையின் மை வாடையில் முன்பே படிந்தது என்று அவள் போட்டு வைத்திருந்த கணக்கு பொய்த்துப் போனது. அவள் துடைத்துக் கொடுத்தபிறகு புதிதாகப் படிந்திருக்கிறது. அத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த அம்மணிக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் பீடி குடிக்கிறார், வேறொன்றும் இல்லை.

நஸ்லினுக்கு மனம் ஒப்பவில்லை. கொஞ்சம் பிசினைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்து மேசையில் வைத்துக்கொண்டாள். வேலைக்கு நடுவே எடுத்து எடுத்து முகர்ந்து பார்த்தாள். பீடி வாடை இல்லை. தெரிந்த வாடைதான், எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அத்தா அவளைப் பார்த்துவிட்டு, மூக்குப்பொடி போட ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டார்.

காகிதத்தைப் பிரித்துக் காட்டி, மெஷினை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாவாயியிடம் கேட்டாள்.

"நல்ல எடத்துலதான் வெச்சிருக்கறேன். எங்க ஊட்லயே நல்ல எடம் அதுதான்" என்றாள் பாவாயி.

ஜன்னலோரமாக ஒரு மேசை என்று நஸ்லின் தானாக நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் பாவாயி போன் செய்தாள். மழைச் சத்தத்தில் பாதிப் பேச்சு கரைந்து போனது. பெரிய படம் திறக்க மாட்டேன் என்கிறது. பெட்டிக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறது. சின்னப் படங்கள் திறக்கின்றன. இது மட்டும் பாதி வந்து நின்றுவிடுகிறது.

நஸ்லினுக்கு அந்தச் சத்தம் தெரியும். அது ஹார்ட் டிஸ்க் சாகப்போகும் சத்தம். உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி போடவே கூடாது என்றாள். பிறகு, வேறு எதிலாவது படத்தைப் படியெடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"பென் டிரைவுல ஏத்தலாமுன்னு பாத்தேன் கண்ணு. அது காலியாத்தான் இருக்குது. ஆனா எடமில்லைங்குது. காலியா இருக்கற ஊட்ல எடமில்லைன்னா நான் என்ன பண்றது?"

காலி பென் டிரைவாகவே இருந்தாலும், பழைய முறையில் அமைத்ததில் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. அமைப்பை மாற்றியிருந்தால் ஏறியிருக்கும். நஸ்லின் அதை விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. இரண்டு ஆண்டு உழைப்பு அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கிறது, வேறெங்கும் இல்லை.

"அது போயிருமா?" என்றாள் பாவாயி. குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

நஸ்லினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியவில்லை, நான் மேலே வந்து பார்க்கிறேன் என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைக்கு வந்த பெட்டியைப் பார்ப்பதுதான் அவள் வழக்கம். பெட்டியைத் தேடி அவள் போனதில்லை. அத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மழை விட்டிருந்தது. பாவாயி ரோட்டிலேயே காத்திருந்து அழைத்துப் போனாள். மண் சுவரும் தகரக் கூரையுமாக இரண்டு அறை வீடு. முன்னறையில் மானிட்டரும் பேனாப் பலகையும் ஒரு மரப்பெட்டியின் மேல் இருந்தன, துணி போர்த்தி. சிபியுவைக் காணோம். வயர்கள் மட்டும் சுவரில் ஏறி, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அந்தப்பக்கம் போயிருந்தன. நஸ்லின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சமையலறையில் முடிந்தது.

அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் விதைக்கு வைத்த கேழ்வரகுக் கதிர்கள், அவரை விதை போட்ட சுரைக்குடுக்கை, கட்டித் தொங்கவிட்ட மக்காச்சோளம், முறத்தில் மிளகு. இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக, விரித்த சாக்கின்மேல் சிபியு. மூங்கில், கதிர், கயிறு என்று பரணில் இருந்த எல்லாவற்றிலும் அதே பழுப்பு, அதே பிசின். மேசையில் மடித்து வைத்து நாள்கணக்கில் முகர்ந்த வாடை இங்கே அறை முழுக்க இருந்தது.

நஸ்லின் சிரித்துவிட்டாள். சத்தமாகச் சிரிக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால் சிரிப்பை நிறுத்தவும் தெரியவில்லை.

பாவாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் கண்ணு? வெதைக்கு நல்ல எடமுன்னா மிஷினுக்கு என்ன கேடு?"

பிறகு நிதானமாகச் சொன்னாள். வந்த புதிதில் முன்னறையில் தரையில்தான் வைத்திருந்தார்கள். முதல் மழையிலேயே மவுசுக்கு அடியில் பூஞ்சை பிடித்தது. கீபோர்டு எழுத்தின்மேல் வெள்ளை பூத்தது. இந்த மலையில் ஈரம் படக்கூடாத எதுவாக இருந்தாலும் அடுப்புக்கு மேலே ஏற்றுவதுதான் வழக்கம். அடுத்த ஆண்டு முளைக்க வேண்டிய விதையே அங்கேதான் இருக்கிறது. அதைவிடப் பத்திரமான இடம் அவளுக்குத் தெரியவில்லை.

"விதை சும்மா கெடக்குமுங்க்கா. இது மூச்சு விடுது" என்றாள் நஸ்லின். உள்ளே ஒரு விசிறி வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது, அடுப்புப் புகையை முழுக்க அது குடித்துக்கொண்டிருக்கிறது என்று கையால் சுழற்றிக் காட்டினாள். எப்போது வரைவீர்கள் என்று கேட்டாள். சாயங்காலம் உலை வைத்துவிட்டு வரைய உட்காருவாளாம். சோறு வேகிற நேரம்தான் அவளுக்குக் கிடைக்கிற நேரம். அப்படியானால் மெஷினுக்கு அதிகப் பாரம் ஏறுகிற அதே நேரத்தில் கீழே தீ எரிகிறது. கடையில் வைத்தால் ஓடுகிறது, வீட்டில் அணைகிறது என்ற புதிருக்கும் அங்கேயே விடை இருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் அந்தச் சூட்டில்தான் வெந்திருக்கிறது.

அர்த்தனாரி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசமா மூணு வேளையும் சமைச்சு அதுக்குத்தான் பொகை போட்டிருக்கற. எனக்குச் சோறு ஒண்ணும் அப்புடி வெந்த மாதிரி தெரியல" என்றார் மனைவியிடம்.

ஆனால் நஸ்லினுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மெஷினில் துருவே இல்லை. முன்னறையிலேயே விட்டிருந்தால் மதர்போர்டு எப்போதோ போயிருக்கும். புகை விசிறியைக் கெடுத்தது, ஆனால் ஈரத்தை அண்டவிடவில்லை. இதைக் கேட்டதும் பாவாயி கணவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. புகை இல்லாமல் சூடு மட்டும் எங்கே கிடைக்கும் என்று மூன்று பேரும் யோசித்தார்கள். அர்த்தனாரி முன்னறைக்குப் போய் அடுப்புக்குப் பின்பக்கச் சுவரைத் தட்டிக் காட்டினார். நஸ்லின் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மண் சுவர் இதமாகச் சுட்டது. அங்கே ஒரு பலகை அடித்து வைத்தால் போதும். விசிறி எப்படியிருந்தாலும் வருசத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும்.

அதெல்லாம் மெஷினுக்குத்தான். படத்தைப் பற்றி மூன்று பேரும் பேசவில்லை. நஸ்லின் சிபியுவைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினாள்.

கடையில் ஹார்ட் டிஸ்க்கைத் தனியே கழற்றி, மேசை விசிறியின் முன்னால் வைத்து, அதிலிருந்ததைப் புது எஸ்.எஸ்.டி.க்கு மாற்றத் தொடங்கினாள். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது, டிக் டிக் கிடையாது. பழைய தட்டிலிருந்து எழுத்து எழுத்தாகப் பிடுங்குவதுதான் வேலை. தொடக்கத்தில் ஒழுங்காக வந்தது. பாதிக்குச் சற்று முன்னால், டிக் டிக்கென்று நின்றுவிட்டது. மறுபடி போட்டாள், அதே இடத்தில் நின்றது. திரும்பத் திரும்ப ஒரே இடத்தைச் சுரண்டினால் தட்டு செத்துவிடும். அதனால் எதிர்முனையிலிருந்து, கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கவிட்டாள். அந்தப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. நடுவில் கொஞ்சம் மட்டும் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை.

அத்தா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வந்துவிட்டதா என்று கேட்க மாட்டார். மறுநாள் காலை கடை திறந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்பு, டிஸ்க் குளிர்ந்திருக்கும்போது நஸ்லின் அந்த நடுப்பகுதியை மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கொடுத்தது. ஆறவைத்து மறுபடி கேட்டாள். மீதியையும் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தத் தட்டு எதற்கும் பதில் சொல்லவில்லை.

மதர்போர்டு பழையது என்பதால் அதற்கேற்ற ரேம் புதிதாகக் கிடைக்காது. அத்தா சேலத்தில் ஒருவரிடம் சொல்லி, பழைய மெஷின்களிலிருந்து கழற்றியதை வாங்கி வந்தார். நினைவகம் முன்பிருந்ததைப் போல நான்கு மடங்கு ஆனது. எல்லாம் பூட்டியாயிற்று. கோப்பு அளவு சரியாக இருந்தது. திறக்குமா என்பது திறந்தால்தான் தெரியும்.

ஆனால் அக்பர் அலியின் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாடிக்கையாளர் மெஷினில் இருக்கும் படத்தையோ எழுத்தையோ அவர் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது. நஸ்லின் போன் செய்து கேட்டாள். பாவாயி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வாரேன் கண்ணு. தொறந்து அது இல்லாம போனாலும் நான் பக்கத்துல இருக்கோணும்" என்றாள். நஸ்லின் அந்தக் கோப்பின் பெயரைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் வேறு வேலைகளைச் செய்தாள்.

பாவாயி வந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள், நாற்காலியிலும் உட்காரவில்லை. நஸ்லின் கோப்பைத் திறந்தாள். திரையின் அடியில் ஒரு கோடு நகர்ந்தது. பாதிக்குச் சற்று முன்னால் நின்றது. பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கோடு நகர்ந்து முடிந்தது.

முதலில் வந்தது வலது பக்கம். தகரக் கூரை, மிளகு ஏறிய மரங்கள், மரவள்ளி வரிசை. ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி நிழல் இருந்தது. நஸ்லின் பார்த்துவிட்டு வந்த வீடு அது. பருந்தாகப் பார்த்தபோதும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பாவாயி மவுசை வாங்கி இடது பக்கத் தாள்களையும் எரியவிட்டாள். இதுவரை அவளால் செய்ய முடியாத காரியம். விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான். மெஷின் அணையவில்லை. அவள் படத்தைச் சிறிதாக்கினாள், இன்னும் சிறிதாக்கினாள். இரண்டு ஊரும் ஒரே திரைக்குள் வந்தன.

 தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முகடு குறுக்கே கிடக்க, இந்தப்பக்கம் ஓர் ஊர், அந்தப்பக்கம் ஓர் ஊர். படத்திலாவது பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

நஸ்லின்தான் முதலில் கவனித்தாள். சொல்வதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே பாவாயியின் விரல் அதே இடத்தைத் தொட்டது. பிறந்த ஊர்ப் பக்கமிருந்து ஓர் ஓடை முகட்டின் இடுக்கை நோக்கி வருகிறது. புகுந்த ஊர்ப் பக்கமும் அதே ஓடை அந்த இடுக்கிலிருந்து இறங்குகிறது. இரண்டும் நடுவில் சேரவில்லை. ஒன்று முகட்டில் இருக்கும் ஒரு பாறைக்கு வடக்கே போகிறது, மற்றது தெற்கே. எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் விலகிப்போன மாதிரி இருந்தது. நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் வெள்ளை.

"ஒரே ஓடைதாங்களா?" என்றாள் நஸ்லின் மெல்ல.

"அப்புடித்தான் நெனச்சுட்டு இருந்தேன். ஒண்ணா, ரெண்டான்னு இப்பத்தான் சந்தேகமே வருது." பாவாயி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நடுப்பகுதியை அவள் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்ததும் பஸ்ஸில், போவதும் வருவதும் பஸ்ஸில். பஸ் அந்தப் பக்கமே போவதில்லை. முகட்டின் மேலாகக் கால்வழி ஒன்று போகிறது என்று அர்த்தனாரி சொல்லியிருக்கிறார், ஆடு ஓட்டுகிறவர்கள் போவார்களாம்.

அக்பர் அலி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஏனுங்க இவ்வளவு யோசனை? உங்க மலையிலதான் பனிக்குப் பஞ்சமில்லையே. அந்த எடத்துல பனி மூடியிருக்கற மாதிரி வெள்ளையடிச்சு உட்ருங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"பத்து மணிக்கு மேல பனி வெலகிருமே பாய். அப்ப என்ன பண்றது?"

அத்தா சிரித்துக்கொண்டே அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். நஸ்லின் படத்தை இரண்டு இடங்களில் படியெடுத்தாள். ஒன்றைப் பாவாயியிடம் கொடுத்தாள், ஒன்றைக் கடை அலமாரியில் வைத்தாள். மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகியும் பாவாயி கிளம்பவில்லை. கட்டிய சாக்கின்மேல் கையை வைத்தபடி நின்றாள். கேட்க வந்ததைக் கேட்க அவள் தயங்கி நஸ்லின் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மழை நின்னதும் அந்த மொகட்டு மேல நடந்து பாக்கோணும் கண்ணு. நான் தனியாப் போனா எனக்கு வேண்டியபடிதான் பாத்துட்டு வருவேன். ரெண்டு ஓடையும் சேர்ந்திருக்கோணுமுன்னு என் மனசு சொன்னா, சேந்திருக்கற மாதிரியே கண்ணுக்குத் தெரிஞ்சிரும். நீ அப்புடி இல்ல. ஒரு சிட்டிகைக் கரியைக் காயிதத்துல மடிச்சு வெச்சு, அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியற வரைக்கும் உடாம இருந்தவ. எங்கூட ஒருநாள் நடந்து வா சாமி. அந்தத் தண்ணி எந்தப் பக்கம் போவுதோ, அதை உள்ளது உள்ளபடி பாத்து எனக்குச் சொல்லு."